ஜாடியும் தராசும்: வாசகர் கேள்வி பதில்

உணவு நார்ச்சத்து, குடல் நலம் ஆகியவற்றைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் 32 ஆண்டுகள் ஆய்வு செய்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எத்தனையோ துறைகள் இருக்க, இதைப் போய் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் அம்மா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். வேதியியலில் முதுகலை முடித்தபோது கையில் கிடைத்தது ஒரே ஓர் உதவித்தொகை. அறிவிப்பில் ‘தாவரச் செல்சுவரின் பல்சர்க்கரைகள்’ என்று போட்டிருந்தது. செடி, இலை, நுண்ணோக்கி என்று சுத்தமான வேலையாக இருக்கும் என நம்பிப் போனேன். முதல் நாள் என் வழிகாட்டி ஒரு தராசையும், இறுக மூடிய 11 பிளாஸ்டிக் ஜாடிகளையும் காட்டினார். “செல்சுவர் எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியும். எவ்வளவு வெளியே வந்தது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

மூடியோடு எடை, அதில் ஜாடியின் எடையைக் கழித்தால் ஈரமலத்தின் எடை. பிறகு உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, அரைக்க வேண்டும். அரைத்த பிறகு அது வாடை தணிந்த, இலேசான பழுப்புப் பொடி. அதற்கு முந்தைய கட்டங்களை, சாப்பிட்டுக்கொண்டே இதழைப் புரட்டும் வாசகர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். மூன்றாவது வாரத்தில் மூக்கு பழகிவிட்டது. நான்காவது வாரத்தில் ஒரு கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது: ஒரே அளவு நாரைச் சாப்பிட்ட இருவரில் ஒருவரின் ஜாடி மற்றவருடையதைப்போல் இரண்டு மடங்கு கனத்தது. ஏன் என்று கேட்டேன். “அதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்” என்றார் வழிகாட்டி. அப்படித்தான் தொடங்கியது.

நார்ச்சத்து என்பது உண்மையிலேயே நார் நாராக இருக்குமா? (கல்லூரி மாணவி)

சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பழங்களில் உள்ள பெக்டின் தண்ணீரில் கரைந்து கூழாகிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் கொழகொழக்கிறது. சில கிழங்குகளில் உள்ள இன்யூலினைக் கரைத்தால் சர்க்கரை கரைந்ததுபோல் காணாமலே போய்விடும். இவற்றில் ஒன்றுகூடக் கயிறு திரிக்க உதவாது. ஆனாலும் செல்லுலோஸைப்போல இவையும் நார்ச்சத்துதான். இத்தனைக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: நம் சிறுகுடலின் நொதிகளுக்கு இவற்றை உடைக்கத் தெரியாது. நம்முடைய இயலாமையை வைத்துப் பல பொருள்களுக்குச் சேர்த்து இட்ட பெயர் இது.

இயலாமையை எப்படி அளப்பது? இதில்தான் என் துறையின் பாதிக் கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வீண்டே என்ற இடத்து ஆய்வு நிலையத்தில் கால்நடைத் தீவனத்தை அளக்க ஒரு முறை செய்தார்கள். முதலில் அமிலத்தில் கொதிக்கவை, பிறகு காரத்தில் கொதிக்கவை, மிஞ்சியதை ‘கச்சா நார்’ என்று எழுது. அந்தக் கொதிப்பில், செல்சுவரின் பகுதிகளான ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியும் லிக்னினில் ஒரு பங்கும் கரைந்து ஓடிவிடும். மனிதக் குடல் எதையும் அப்படிக் கொதிக்கவைப்பதில்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனித உணவின் அட்டவணைகளிலும் அந்த எண்ணே உட்கார்ந்திருந்தது. 1953இல் ஹிப்ஸ்லி என்ற மருத்துவர் ‘டயட்டரி ஃபைபர்’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். 1960களில் வான் சோஸ்ட், சோப்பு போன்ற டிடர்ஜென்ட் கரைசலில் தாவரத்தை வேகவைத்துச் செல்சுவரைத் தனியே பிரித்தார். அதுவும் மாடுகளுக்காகத்தான். இந்தத் துறையில் மாடுகள் எப்போதும் நமக்கு ஒரு படி முன்னால் நின்றிருக்கின்றன.

நான் படித்த காலத்து முறை 1985இல் அங்கீகரிக்கப்பட்டது. உணவுப் பொடியோடு ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி, பிறகு புரதத்தை உடைக்கும் நொதி, மீண்டும் ஸ்டார்ச்சுக்கு இன்னொரு நொதி. கடைசியில் கரைசலைப்போல் நான்கு மடங்கு ஆல்கஹாலை ஊற்ற வேண்டும். தெளிவாக இருந்த கரைசலுக்குள் வெண்மையான மேகம் கிளம்பி, இழை இழையாகத் திரண்டு, மெல்ல அடியில் படியும். ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன், அலுத்ததில்லை. வடிகட்டி, உலர்த்தி, நிறுத்து, ஒட்டிக்கொண்ட புரதத்தையும் சாம்பலையும் கழித்தால் நார்ச்சத்து.

ஆனால் இன்யூலினில் பெரும்பகுதி ஆல்கஹாலிலும் கரைந்தே இருக்கும். வடிகட்டியின் வழியே இறங்கித் தொட்டிக்குப் போய்விடும். வடிகட்டியில் தங்கியதை நார் என்று குறித்துக்கொண்டோம், இறங்கியதை நார் இல்லை என்றோம். 2009இல் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர ஆணையம் விளக்கத்தை மாற்றியது: 10 அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை அலகுகள் கொண்ட, சிறுகுடலில் உடையாத மாவுப்பொருள்கள். 3 முதல் 9 அலகு கொண்டவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்தந்த நாட்டு அதிகாரிகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். எனவே ஒரே பொட்டலத்தில் எல்லை தாண்டினால் நார்ச்சத்தின் அளவு மாறலாம். கேட்பதற்குக் கேலியாக இருக்கும். அந்தக் கூட்டங்களின் அறிக்கைகளைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

நான் தவிடு சாப்பிடுகிறேன், என் கணவர் இசப்கோல் குடிக்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

வேலை ஒன்று, வழி வேறு. கோதுமைத் தவிட்டைக் குடல் நுண்ணுயிர்களால் முழுக்கத் தின்ன முடிவதில்லை. மிஞ்சிய துகள்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகின்றன. கரடுமுரடான துகள்கள் குடல்சுவரை உரசித் தூண்டவும் செய்கின்றன. இசப்கோல் கூழாகிறது, அந்தக் கூழ் பெரும்பாலும் நொதிக்காமலே கடைசிவரை தண்ணீரைக் கையில் வைத்திருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1980இல் ஸ்டீபன், கம்மிங்ஸ் என்ற இருவர் முட்டைகோஸின் நாரையும் கோதுமையின் நாரையும் ஒப்பிட்டார்கள். முட்டைகோஸ் நார் ஏறக்குறைய முழுதுமாகத் தின்னப்பட்டுவிட்டது. ஆனாலும் மலத்தின் எடை கூடியது. கூடிய எடை தின்றவர்களுடையது, அதாவது பெருகிய பாக்டீரியாக்களுடையது. மலத்தின் உலர் எடையில் பாதிக்கு மேல் பாக்டீரியாக்கள்தான் என்றும் அவர்கள் காட்டினார்கள். என் முதல் ஆண்டின் இரட்டை எடை ஜாடிக்கு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான விளக்கம் அந்தக் கட்டுரை.

நீங்கள் இருவரும் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். இசப்கோலை உலர்வாக வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உங்கள் கணவருக்கு இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நார்ச்சத்து குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு வருடம் எழுதுகிறார்கள், இல்லை என்று மறு வருடம் எழுதுகிறார்கள். யாரை நம்புவது? (எரிச்சலோடு ஒரு வாசகர்)

உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்குண்டு. 2000 ஏப்ரலில் நான் வகுப்புக்குத் தயாரித்து வைத்திருந்த குறிப்புகளை ஒரே இரவில் திருத்தி எழுத நேர்ந்தது.

தொடக்கத்தில் பர்கிட் என்ற ஐரிஷ் அறுவை மருத்துவர் இருந்தார். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர், உகாண்டாவில் பணியாற்றினார், குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) அவர் பெயரே இருக்கிறது. மேலை நாடுகளில் மலிந்த பெருங்குடல் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவமனைகளில் அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். 1972இல் வாக்கர், பெயின்டர் ஆகியோரோடு சேர்ந்து, இரு தரப்பாரின் உணவு குடலைக் கடக்கும் நேரத்தையும் மலத்தின் எடையையும் ஒப்பிட்டு வெளியிட்டார். நார் குறைவு, பயணம் தாமதம், நோய் அதிகம் என்பது அவர் கோத்த சங்கிலி. அழகான யோசனை. ஆனால் இரண்டு ஊர் மக்களுக்கு இடையில் நார் ஒன்றுதானா வேறுபாடு? உழைப்பு, இறைச்சி, உடல் எடை, ஆயுள் என்று நூறு இருக்கின்றன.

1999இல் அமெரிக்கச் செவிலியர் 88,757 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு வந்தது. பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. 2000 ஏப்ரலில் ஒரே இதழில் இரண்டு சோதனைகள்: ஒன்றில் கொழுப்பைக் குறைத்து நாரைக் கூட்டிய உணவு, மற்றதில் கோதுமைத் தவிடு. குடலில் நீக்கிய பாலிப் கட்டிகள் மீண்டும் வருவதை இரண்டும் தடுக்கவில்லை. 2003இல் ஐரோப்பாவின் 10 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வு, நார் அதிகம் உண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்றது.

இவை ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு சோதனைகளும் மூன்று நான்கு ஆண்டுகள் நடந்தவை. புற்றுநோய்க்கோ பல பத்தாண்டுகள் வேண்டும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு நார் உண்ணும் கூட்டத்தில் நாரின் பயனைத் தேடினால் கிடைக்காது. ஐரோப்பிய ஆய்வில் உணவுமுறைகள் பரந்து விரிந்திருந்தன. 2019இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக 185 தொடர் ஆய்வுகளையும் 58 சோதனைகளையும் சேர்த்து அலசினார்கள். நாரை மிகக் குறைவாக உண்பவர்களைவிட மிக அதிகமாக உண்பவர்களுக்கு மரணம், இதயநோய், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. ஆக, நார் நிறைந்த உணவுக்கு என் வாக்கு உண்டு. அந்த உணவிலிருந்து நாரை மட்டும் பிரித்துப் பொடியாக விற்றால் அதே பலன் வருமா என்றால், அதற்கு இந்த எண்களைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த ஆய்வு மிகச் சிறியது. 2015இல் வந்தது. அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார் நாளுக்குச் சுமார் 14 கிராமிலிருந்து 55க்கு ஏறியது. கிராமத்தினருடையது 66இலிருந்து 12க்கு இறங்கியது. பதினான்கே நாளில் குடல் உட்சுவரின் அழற்சியும் செல் பெருக்கமும் அமெரிக்கர்களிடம் குறைந்தன, கிராமத்தினரிடம் கூடின. புற்றுநோய் குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு குடல் எவ்வளவு சீக்கிரம் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது என்று காட்டிவிட்டது.

நாளுக்கு எத்தனை கிராம்? சுருக்கமாகச் சொல்லவும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது 25, அதுவும் உணவில் இயல்பாக உள்ள நாராக, என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாரைக் கூட்டியதிலிருந்து வயிறு உப்பிக்கொண்டு அலுவலகத்தில் மானம் போகிறது. நல்லது என்று சொல்லிவிட்டு ஏன் இந்தத் தண்டனை?

ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கியிருப்பீர்கள். நுண்ணுயிர்கள் நாரைத் தின்றால் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களும் வாயுவும் சேர்ந்தே வரும். பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களின் முதன்மை எரிபொருள். அதற்கான புகைதான் உங்கள் சங்கடம். பழைய அளவுக்குத் திரும்பி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு, வேகமாக நொதிக்கும் வகைகள் உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை. அவர்களை “பழகிவிடும்” என்று சொல்லி வதைக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, பழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றுக்கு நாரும் வேண்டாம், நானும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

தன்னார்வலர்கள் நீங்கள் சொன்னபடியே சாப்பிட்டு, எல்லாவற்றையும் சேகரித்துத் தருவார்களா? நம்ப முடியவில்லையே!

நானும் நம்புவதில்லை. அதனால்தான் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் தெரியும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை மாத்திரைக் கூட்டில் போட்டு விழுங்கக் கொடுப்போம். பிறகு ஆளை விட்டுவிட்டு ஜாடியைப் படம் எடுப்போம். எத்தனை துண்டு வந்தது, எப்போது வந்தது என்று எண்ணினால் உணவு குடலைக் கடந்த நேரமும் தெரியும், சேகரிப்பில் ஓட்டை இருந்தால் அதுவும் தெரியும்.

ஒரு சோதனையில் ஒரு குழுவுக்கு வளைய வடிவமும் மற்றதற்குக் குழல் வடிவமும் கொடுத்திருந்தோம். 17ஆம் எண் ஜாடியின் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினேன். சாம்பல் நிறப் பின்னணியில் வெள்ளை வளையங்கள் தெரிய வேண்டும். தெரிந்தவை அத்தனையும் குழல்கள். 18ஆம் எண் படத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் குழல்கள், ஆனால் பாதிதான். எண்கள் இரண்டும் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்களுடையவை. விசாரித்தால், 17 மூன்று நாள் வெளியூர் போய்விட்டார். அவருக்கு ஊக்கத்தொகை போய்விடுமே என்று 18 தன்னுடையதைப் பகிர்ந்து இரண்டு ஜாடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்! இப்படி ஒரு நட்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. திட்ட வாய் வரவில்லை. இருவரையும் கணக்கிலிருந்து நீக்கினேன். 24 பேர் 22 ஆனார்கள்.

உறவுக்காரர்களிடம் உங்கள் வேலையை என்னவென்று சொல்வீர்கள்?

“உணவு வேதியியல்.” உண்மைதான், எந்த முனையிலிருந்து என்று அவர்கள் கேட்டதில்லை.

முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். நான் கொடுத்த நாரால் எந்த மாற்றமும் வரவில்லை. நான்கு வருடம் வீணா பேராசிரியர்? (ஆய்வு மாணவர்)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதுவும் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகு.

1998இல் 40 பேருக்கு எட்டு வாரம், செரிமானத்துக்கு மசியாத ஸ்டார்ச் கொடுத்தோம். பியூட்டிரேட் உயரும் என்பது எதிர்பார்ப்பு. சராசரி அசையவில்லை. பொடியைத் தந்த நிறுவனம் முடிவை வெளியிடுவதில் ஆர்வம் காட்டவில்லை. மறுக்கவும் இல்லை, “பரிசீலனையில் இருக்கிறது” என்ற பதிலிலேயே 19 மாதம் ஓடியது. தவறு என்னுடையது. வெளியிடும் உரிமை யாருக்கு என்ற வரியை ஒப்பந்தத்தில் நான் சரியாகப் படிக்கவில்லை. நிறுவனப் பணம் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வாங்காமல் இந்தத் துறையில் பெரிய சோதனை நடத்துவது கடினம். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். சோதனையைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு யாரும் அதை மூடிவைப்பது எளிதல்ல.

இப்போது உங்கள் தரவு. மலத்தில் பியூட்டிரேட்டை அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குறுங்கொழுப்பு அமிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெருங்குடலே உறிஞ்சிக்கொள்கிறது. நீங்கள் அளந்தது மிச்சம். மாதக் கடைசியில் ஒருவர் கையில் இருக்கும் சில்லறையை எண்ணி அவர் சம்பளத்தைச் சொல்ல முடியுமா? இதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுதுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, சராசரியை மூடிவைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது சிலரின் கோடு ஏறியது, சிலருடையது இறங்கியது, பலருடையது படுத்துக் கிடந்தது. எல்லாம் கூடிச் சுழியமாகியிருந்தன. அளவைப் பிழை என்று அன்று எழுதினேன். 2012இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வுக் குழு, ருமினோகாக்கஸ் புரோமி என்ற பாக்டீரியா இந்த வகை ஸ்டார்ச்சை உடைப்பதில் முதல் கையாக இருப்பதைக் காட்டியது. அது தொடங்கிவைத்தால்தான் மற்றவையும் பந்தியில் உட்கார முடிகிறது. எல்லார் குடலிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. என் 40 பேரில் யாரிடம் அது இருந்தது என்று பார்க்க அன்று வசதி இல்லை. மாதிரிகளையாவது வைத்திருந்திருக்கலாம். ஒரு விடுமுறை வாரத்தில் ஃப்ரீஸர் பழுதாகி எல்லாம் உருகிப்போயின. எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு ஃப்ரீஸரில் வையுங்கள். மாற்றமில்லை என்ற முடிவை அப்படியே எழுதி வெளியிடுங்கள். கோடு தனித்தனியே பிரிந்தால், அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லாமல், அடுத்த சோதனைக்கான கேள்வி என்று எழுதுங்கள். இருக்கும் தரவைப் பலவிதமாக வெட்டிப் பார்த்தால் எங்கேயாவது ஒரு மாற்றம் தெரியத்தான் செய்யும்.

ஓய்வுக்குப் பிறகு எப்படிப் பொழுது போகிறது அம்மா?

வாரத்தில் இரண்டு நாள் ஆய்வகத்துக்குப் போகிறேன். ஒரு மேசையை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அறையைக் காலி செய்தபோது அலமாரியின் அடித்தட்டில் என் ஆய்வேட்டுக்காக அரைத்த உணவுப் பொடிகள் 60 சீசாக்களில் அகப்பட்டன. லேபிளில் என் பழைய கையெழுத்து, மூடிகளில் அன்று ஒட்டிய மெழுகு. 2009இல் அங்கீகரிக்கப்பட்ட முறையில் பொடியை 37 டிகிரியில் நொதிகளோடு 16 மணி நேரம் வைக்கிறோம். ஆல்கஹாலில் படியாமல் தப்பிப்பவற்றையும் வடிநீரிலிருந்து தனியே பிடித்து அளக்கிறோம். அன்று நான் தொட்டியில் ஊற்றியதைத்தான் இன்று அளக்கிறேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் அட்டவணையில், இன்யூலின் நிறைந்த கிழங்குகளின் வரிசை முழுவதும் குறைத்து எழுதப்பட்டிருக்கிறது. 14 சீசா முடிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை 15ஆவது.